தெரியாது, சொல்லுங்க

அந்தப் பொண்ணு பேரை இங்கே எழுத மாட்டேன். ஊரே சொல்லிக்கொண்டு திரிகிறது. நான் வேறு எதற்கு.

திருக்காட்டுப்பள்ளியில் அவள் இருந்தது கொஞ்ச காலம். குறுவைக்கு நாற்று விடும்போது வந்தாள். சம்பா அறுப்பு முடிந்ததும் போனாள். அவ்வளவுதான். போய் வருஷங்கள் ஓடிவிட்டன. இன்னும் டீக்கடைக்காரர் கேட்கிறார், சர்க்கரை கம்மியாகக் குடிக்குமே அந்தப் பிள்ளை, நல்லா இருக்கா என்று. நான் அந்தக் கடையில் டீ குடிக்க ஆரம்பித்தபோது அவருக்குத் தலை கறுப்பு. எனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று இன்றைக்கும் கேட்டுத்தான் போடுகிறார்.

நான் லைன்காரன். முதலில் கேபிள் டிவி. பிறகு அதே கம்பத்தில், அதே முதலாளிக்கு, இன்டர்நெட். எட்டாவது வரைக்கும் படித்தேன். அப்பா வயல் வேலைக்காரர். பெரிய தெருவில் அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதே தெருவில் நான் வீட்டுக்குள் போனேன். மாடி ஏறினேன். சுவரில் துளை போட்டு மோடம் மாட்டினேன். மழையில் லைன் போனால் அந்தத் தெருவே வாசலில் நின்று என் வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும். இதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. உள்ளே வைத்திருந்தேன்.

எங்கள் ஆபீசில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று லைனை உள்ளே விடுவது. வீட்டு மோடம் ஒரு பேரும் பாஸ்வேர்டும் சொல்லும். சரியாக இருந்தால் திறக்கும். இன்னொன்று பில் போடுவது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பணம் கட்டினவர் வீட்டில் லைன் நின்றிருக்கும். கட்டாதவர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். எனக்குப் போன் வரும். நான் முதலாளியிடம் சொல்வேன். அவர் தட்டிவிடுவார். யாரை நிறுத்தலாம், யாரைப் பொறுக்கலாம் என்பது என் வாயில் இருந்தது.

அந்த இரண்டையும் சேர்த்து வைக்கத்தான் அவள் வந்தாள். எனக்கு முதல் நாளே விளக்கினாள்.

"ரேஷன் கடையில பில் போடுறவரு ஒருத்தரு, எடை போடுறவரு ஒருத்தருண்ணே. பில் போட்டாச்சான்னு எடைக்காரருக்குத் தெரியணும்ல. நம்ம ஆபீசுல ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்காங்க. பேச வைக்கணும், அவ்வளவுதான்."

இத்தனை நாளும் நடுவில் ஓடி ஓடிச் சொல்லிக்கொண்டிருந்தவன் யார் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வேதாரண்யத்துப் பக்கம் அவளுக்கு. அப்பா உப்பளத்தில் வேலை. ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் ஒரு பை உப்பு கொண்டுவருவாள். சாப்பாட்டில் அதைத்தான் போட்டுக்கொள்வாள். கடை உப்பு கரிக்கவே மாட்டேங்குது என்பாள். ஆபீஸ் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவாள். யாரும் கழற்றச் சொன்னதில்லை. அவள் கழற்றினாள் என்று வருகிறவர்களெல்லாம் கழற்ற ஆரம்பித்தார்கள். மறக்கக் கூடாததை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வாள். கை எப்போதும் நீலமாக இருக்கும்.

இதெல்லாம் சின்ன விஷயம். அவளிடம் இருந்த பெரிய விஷயம் ஒன்றுதான். அவள் எதையும் தெரியும் என்று சொல்ல மாட்டாள். யாராவது பேச வந்தால் கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். முகத்தைப் பார்ப்பாள். "தெரியாது, சொல்லுங்க" என்பாள். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பாள்.

ஜனங்கள் சொன்னார்கள். என்னென்னவோ சொன்னார்கள்.

நான் அப்படி இல்லை. எனக்குத் தெரியும் என்பதுதான் என் பிழைப்பு. எந்தக் கம்பத்தில் எந்தக் கம்பி, எந்த வீட்டில் யார், எந்த நாய் கடிக்கும், எல்லாம் தெரியும். கேட்டால் பாதி வார்த்தையிலேயே தெரியும் என்று சொல்லி ஏணியை எடுத்துவிடுவேன்.

அந்தச் சமயம் முதலாளி ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஓர் ஆபீஸ் போட இருந்தார். அங்கே உட்கார ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டொரு தடவை சொல்லியிருந்தார். இடுப்பில் கயிறு கட்டிக் கம்பம் ஏறுகிற வயது எனக்குத் தாண்டிக்கொண்டிருந்தது. என் மனைவி தன் அம்மா வீடு வரைக்கும் சேதி சொல்லிவிட்டாள். இனி நாற்காலி வேலை என்று. நான் அப்படி எதையும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் ஒரு நல்ல சட்டை தைத்து மடித்து வைத்திருந்தது.

அவள் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து முதலாளி என்னைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

வேலை ஆரம்பித்ததுமே ஒரு சிக்கல் வந்தது. பில்லில் இருக்கிற பேரெல்லாம் ரேஷன் கார்டில் இருக்கிற பேர். லைனில் இருக்கிற பேரெல்லாம் நான் வைத்தது. டிராக்டர் வீடு. சிங்கப்பூரார். இட்லிக்காரம்மா. மாதா கோயில் சந்து கடைசி. ஊஞ்சல் வீடு. சின்ன ஊஞ்சல் வீடு. மாட்டுகிற அவசரத்தில் போட்டது. யாரும் கேட்டதில்லை. இப்போது எந்தப் பேருக்கு எந்தப் பில் என்று ஜோடி சேர்க்க என்னைத் தவிர ஆள் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"ஊஞ்சல் வீட்ல ஊஞ்சல் பெருசா இருக்குமாண்ணே" என்றாள்.

"இப்ப இல்ல. வித்துட்டாங்க."

"அப்ப சின்ன ஊஞ்சல்?"

"அது அவங்க தம்பி வீடு. அங்க எப்பவுமே இல்ல."

அவள் சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருகிறேன், எழுதிக்கொள் என்றேன். அவள் வேண்டாம் என்றாள். ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கேட்டுவிடலாம் என்றாள். எனக்கு எல்லாம் தெரியும் என்றேன்.

"தெரியும்ணே. அவங்க வாயாலயும் ஒரு தடவ கேட்டுக்கறேன்."

என் வார்த்தை போதாது என்று அதற்கு அர்த்தம். முன்னால் நான் வண்டியில். பின்னால் அவள் ஸ்கூட்டியில். தெருத் தெருவாகப் போனோம்.

போனால்தான் தெரிந்தது, பாதி லைன் செத்தவர்கள் பேரில் இருந்தது. எங்கள் பக்கம் அப்படித்தான். பட்டா தாத்தா பேரில். கரண்ட் பில் தாத்தா பேரில். நெட் மாட்டும்போதும் யோசிக்காமல் தாத்தா பேரைச் சொல்லிவிடுவார்கள். தாத்தா போய் ரொம்ப காலம் ஆகியிருக்கும். கம்ப்யூட்டர் அவருக்குத்தான் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கும்.

பெரிய தெருவில் ஒரு வீடு. அந்த வீட்டு மோடம் நான் மாட்டியது. கூடத்துக்குப் போவேன், மோடத்தைப் பார்ப்பேன், நின்றபடியே தண்ணீர் குடிப்பேன், வந்துவிடுவேன். மரியாதைக்குக் குறைவில்லை. வாங்க போங்க என்றுதான் பேசுவார்கள். அன்றைக்கு அவள் உள்ளே வந்ததும் வீட்டுப் பெரியவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"அண்ணனுக்கும் ஒண்ணு போடுங்க சார். எல்லாம் அவருதான் சொல்லணும், எனக்கு ஒண்ணும் தெரியாது."

சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. பெரியவர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே குரல் கொடுத்தார். நாற்காலி வந்தது. உட்கார்ந்தேன்.

அந்த வீட்டில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். எத்தனை மழையில் போயிருக்கிறேன். நான் கேட்டு வாங்கியிருக்கலாம். அவர்களாகப் போட்டிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. அவள் கேட்டு வந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதைச் சொல்லவில்லை.

பாஸ்வேர்டு கதை வேறு. ஊர் முழுக்க ஒரே பாஸ்வேர்டுதான். மாட்டுகிற அன்றே நான் போட்டுவிடுவேன். என் மகள் பேர், கூடவே ஒன்று இரண்டு மூன்று. எனக்கும் மறக்காது, யார் கேட்டாலும் சொல்லிவிடலாம். அவள் அதைக் கண்டுபிடித்த அன்று கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அண்ணே, ஊரே உங்க பாப்பா பேரச் சொல்லித்தான் உள்ள போகுதா?"

"மறக்காதுல்ல."

"மறக்காதுண்ணே. அதான் கஷ்டம்."

ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் பேரை எடுத்துவிட்டு வேறொன்று எழுதி வைத்தாள், இரண்டு கம்ப்யூட்டரையும் சேர்க்கிற அன்று மாறுகிற மாதிரி. எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று எனக்கும் புரிந்தது. யாருடைய லைனில் யார் வேண்டுமானாலும் புகுந்துவிடலாம். புரிந்தாலும், நான் எல்லா வீட்டிலும் வைத்த பேர் அது. பெரிய தெருவிலும் வைத்த பேர்.

மகள் அப்போது ஒன்பதாவது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஆபீசில் நின்று ஒரு முகம் காட்டிவிட்டுப் போவாள். அந்தப் பொண்ணு வந்த பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தே விடுவாள். அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அப்பா, உங்க போன் பாஸ்வேர்ட மாத்துங்க, ரொம்ப ஈசியா இருக்கு என்றாள்.

"அது உன் பேருடி."

"அதாம்ப்பா."

அடுத்த மாதம் வீட்டிலும் ஒரு பை வேதாரண்யத்து உப்பு வந்துவிட்டது. மனைவி மீன் குழம்பு வைத்தால் ஒரு டப்பாவில் அந்தப் பொண்ணுக்கு என்று தனியே எடுத்து வைப்பாள். அம்மா ஏதாவது கேட்டால் மகள் கையை மடியில் வைத்துக்கொண்டு தெரியாது, சொல்லுங்க என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். எவ்வளவு பணிவு பாருங்க அந்தப் பிள்ளைக்கு என்று மனைவி என்னிடம் சொன்னாள். நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன்.

சம்பா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். புது ஏற்பாட்டில் தேதி தாண்டினால் லைன் தானாக நின்றுவிடும். அதெல்லாம் இங்கே நடக்காது என்று அவளிடம் சொன்னேன். விவசாய வீட்டில் மாதாமாதம் காசு இருக்காது. அறுக்க வேண்டும், கொள்முதல் நிலையத்தில் நெல் போட வேண்டும், பணம் ஏற வேண்டும். அப்போது மொத்தமாகக் கட்டுவார்கள். யாரும் ஏமாற்ற மாட்டார்கள். நான் அதுவரைக்கும் முதலாளியைப் பிடித்து வைத்திருப்பேன்.

அவள் கையை மடிக்கு எடுத்தாள். எந்த வீடெல்லாம், எப்போது அறுப்பு, தண்ணீர் லேட்டாக வந்தால் என்ன ஆகும், எல்லாம் கேட்டாள். சொன்னேன். அடுத்த வாரம் பார்த்தால் திரையில் அது ஒரு தனித் திட்டமாக இருந்தது. 'சம்பா' என்று பேர் வைத்திருந்தாள். அதில் சேர்த்த வீட்டுக்கு அறுப்பு வரைக்கும் லைன் நிற்காது. முதலாளி பார்த்துவிட்டு, என்ன மூளைம்மா உனக்கு என்றார்.

அண்ணன் சொன்னதுதான் சார் என்று அவள் சொன்னாள். சொல்லாமல் இல்லை. முதலாளி தலையாட்டினார். கண் திரையில்தான் இருந்தது. நான் அதை வருஷக்கணக்காக வாயால் செய்துகொண்டிருந்தேன். அதற்கு யாரும் மூளை என்று சொன்னதில்லை. அவனுக்கு இளகின மனசு என்பார்கள்.

அவள் தப்பே செய்யாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு கம்ப்யூட்டரையும் சேர்த்த அன்று மாதா கோயில் தெரு மொத்தமும் லைன் படுத்துவிட்டது. மத்தியானம் சாப்பிட்டு ஊர் அசந்திருக்கிற நேரம் பார்த்துத்தான் சேர்த்தாள். புதுப் பாஸ்வேர்டு எல்லா மோடத்துக்கும் தானாகப் போய்விடும் என்று நினைத்துக்கொண்டாள். அந்தத் தெருவில் இருந்ததெல்லாம் பழைய மோடம். கையால் அணைத்துப் போட்டால்தான் எடுத்துக்கொள்ளும். அது எனக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டவள் அதை மட்டும் கேட்கவில்லை. எனக்கும் அது பாஸ்வேர்டு விஷயத்தில் வரும் என்று தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் தெரு ஆபீசுக்கு வந்துவிட்டது. எனக்கு நெஞ்சில் ஒரு குளிர்ச்சி. இன்றைக்குத் தெரியும் என்று சுவரில் சாய்ந்து நின்றேன்.

அவள் வெறுங்காலோடு வாசலுக்குப் போனாள். "தப்பு என்னுதுங்க" என்றாள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னாள். மோடம் வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறது, எனக்குத் தெரியாது, சொல்லுங்க என்றாள். ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருத்தர், லுத்தரன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர், திட்டுவதற்கென்றே நடந்து வந்தார். அலமாரிக்கு மேலே இருக்கும்மா, எனக்கு ஏற முடியாது, முட்டி வலி என்று ஆரம்பித்தார். முட்டி வலி எப்போதிலிருந்து என்பதில் போய் நின்றது. மறுநாள் அந்தத் தெருவிலிருந்து அவளுக்கு ஒரு தூக்கு முறுக்கு வந்தது.

ஒரு தடவை நான் இரண்டு கம்பியை மாற்றிச் சொருகிவிட்டேன். அதே தெரு. முறுக்கு வரவில்லை.

இப்போது என் கூட்டாளிக்கு வருகிறேன். உரக்கடை வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து இடம். அந்த வருஷம் ஆடியில் அவன் அண்ணன் தவறிவிட்டார். ஏற்கெனவே வீட்டை நடுவே சுவர் எடுத்துப் பங்கு பிரித்திருந்தார்கள். முன்பாதி இவனுக்கு. பின்பாதியில் அண்ணனும் அண்ணியும். பிள்ளை இல்லை. அந்தப் பக்கத்து லைன் அண்ணன் பேரில்.

ஒரு நாள் ஆபீசுக்கு வந்தான். முதலாளியும் இருந்தார்.

"டேய், அண்ணன் லைன என் பேருக்கு மாத்தி, முன்பக்கம் இழுத்துக் குடுத்துருடா. செத்தவரு பேர்ல எதுக்கு."

சரிதானே என்று எனக்குப் பட்டது. அவளிடம் சொன்னேன். நமக்குத் தெரிஞ்சவன், மாத்திரும்மா என்றேன்.

அவள் கை மடிக்குப் போனது.

"அந்த லைன்ல இப்ப யாரு சார் இருக்காங்க?"

"யாருமில்ல. அவருதான் போய்ட்டாரே."

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். "இந்த நிமிஷம் ஓடிக்கிட்டிருக்கு சார். யாருன்னு எனக்குத் தெரியாது, சொல்லுங்க."

அவன் திரையை எட்டிப் பார்த்தான். அண்ணிதான், சும்மா சீரியல் பாக்கும் என்றான். அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றலாம் என்றாள். அவன் என் பக்கம் திரும்பினான்.

"என்னடா, என்னையே தெரியாதுங்குது."

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். என் வார்த்தைக்கு அந்த ஆபீசில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தெரியும்மா, நான் சொல்றேன்ல என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்ணே. அந்தம்மாவ நான் பாத்ததில்ல, அதான்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். நானும் பின்னால் போனேன். இந்தத் தடவை அவள் முன்னால்.

பின்பாதிக்குச் சந்து வழியாகப் போக வேண்டும். அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் மரச்சட்டத்தில் துணி இழுத்துக் கட்டியிருந்தது. கையில் ஆரி ஊசி. ஸ்டாண்டில் போன். போனுக்குள் சின்னச் சின்னக் கட்டமாகப் பெண்கள். எங்கெங்கோ இருந்து ஜாக்கெட்டுக்குப் பூ வேலை கற்றுக்கொள்கிறார்கள். எங்களைப் பார்த்ததும் போனில் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அவள் தரையிலேயே எதிரில் உட்கார்ந்தாள். இந்த லைனை உங்க வீட்டுக்காரர் தம்பி பேருக்கு மாற்றச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும், எனக்குத் தெரியாது, சொல்லுங்க என்றாள்.

அண்ணி ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். அவள் காத்திருந்தாள்.

"இது இருக்கறதாலதாம்மா நான் இந்த வீட்ல இருக்கேன். லைன் போச்சுன்னா கிளாஸ் போச்சு. கிளாஸ் போச்சுன்னா எங்கம்மா வீட்டுக்குத்தான் போகணும். நான் போகணும்னுதான் கேக்கறாரு."

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க அவரு கூட்டாளியாச்சே. அதான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லிக்கல."

அந்த மோடத்தை மாட்டியது நான். அண்ணன் காரியத்துக்குப் பந்தல் போட்டபோது உடன் நின்றவன் நான். என்னிடம் சொல்லாததை, பார்த்துக் கால் மணி நேரம் ஆகாத பொண்ணிடம் சொன்னார். அவள் அங்கேயே ஒரு ஆதார் கார்டையும் போன் நம்பரையும் வாங்கி லைனை அண்ணி பேருக்கு மாற்றினாள். நம்பரை முதலில் உள்ளங்கையில்தான் எழுதிக்கொண்டாள்.

அண்ணி பிழைத்தார். நல்லதுதான். அதை மறுக்கவில்லை. அந்த நல்லது என் கையால் நடந்திருக்க வேண்டும் என்பதுதான்.

கூட்டாளி கொஞ்ச காலம் என்னோடு பேசவில்லை. முதலாளியும் அந்த விஷயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே எனக்குப் போதும்.

தை கடைசியில் ஒரு நாள் நான் மேஜைக்கு அடியில் படுத்து வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். மேலே முதலாளி அவளிடம் பேசுவது கேட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆபீஸை நீயே பார்த்துக்கொள்ளம்மா என்றார். நான் கீழே இருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னாரா, மறந்துவிட்டாரா, இன்றுவரை தெரியாது. நான் கேட்டதில்லை.

எனக்கு அவள் கால்தான் தெரிந்தது. வெறுங்கால். அசையவில்லை.

"எனக்கு எந்த ஊரும் தெரியாது சார். கேட்டுக் கேட்டுத்தான் பண்ணேன். அண்ணனுக்குக் கேக்காமலே தெரியும். அவர உக்கார வைங்க. கேக்க மட்டும் பழகிட்டாருன்னா போதும்."

முதலாளி அதுவும் சரிதான் என்றார். வயரை இழுத்துக் கட்டிவிட்டு, அவர்கள் இரண்டு பேரும் எழுந்து போன பிறகு வெளியே வந்தேன்.

எனக்கு ஆபீஸ் கிடைத்தது இப்படித்தான். பெரிய தெருவில் நாற்காலி கிடைத்த மாதிரியே. சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். மனைவி சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். அதிலும் ஒரு டப்பா அவளுக்குப் போனது.

அவள் கோயம்புத்தூர் பக்கம் ஏதோ பெரிய கம்பெனிக்குப் போனாள். பஸ் ஏற்றிவிட ஊரில் பாதிப் பேர் வந்தார்கள். வாத்தியார் முட்டி வலியோடு வந்தார். அண்ணி ஒரு ஜாக்கெட் கொண்டுவந்து கொடுத்தார். என்னிடம் அவள், வர்றேண்ணே என்றாள். சரிம்மா என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மகள் இப்போது தஞ்சாவூரில் காலேஜ். அந்தப் பொண்ணு படித்த அதே கம்ப்யூட்டர் படிப்பு. அவர்கள் இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். அண்ணன் எப்படி இருக்காரு என்று ஒரு தடவை கேட்டாளாம். நல்லா இருக்காரு என்று மகள் சொல்லிவிட்டாளாம். என்னிடம் நேராகக் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்லியிருப்பேனோ.

போன மாதம் கூட்டாளி ஆற்றுக்கு இந்தப் பக்கம் என் ஆபீசுக்கு வந்தான். பேச்சு எப்போதோ சரியாகிவிட்டது. மாமனார் இந்த ஊர். அவர் படுக்கையில் இருக்கிறார். அவர் வீட்டு லைனைத் தன் பேருக்கு மாற்ற வேண்டும் என்றான். உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். நான் அவன் பேரைப் பாதி தட்டிவிட்டேன்.

பிறகு கையை எடுத்து மடியில் வைத்தேன்.

"அந்த லைன்ல இப்ப யாரு இருக்கா?"

"என்னடா, என்னத் தெரியாதா உனக்கு?"

"உன்னத் தெரியும். அந்த வீட்ல யாருன்னு தெரியாது. சொல்லு."

அவன் காலை ஆட்டுவதை நிறுத்தினான். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நீயும் அது மாதிரியே கேக்க ஆரம்பிச்சிட்டியா" என்றான். அவள் பேரைச் சொன்னான். ஆற்றைத் தாண்டி வந்தும் அந்தப் பேர்.

என் கை மடியிலேயே இருந்தது. அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.